எல்லாத்துக்கும் ஒரே பிளேட்

என் கொழுந்தனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். எல்லோருக்கும் அவன் கழட்டிதான். பள்ளிக்கூடத்துத் தண்ணீர்க் குழாய்க்குள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்க அதைக் கழற்றி, வகுப்புகளுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் ஏறிய அன்று வாத்தியார் வாயிலிருந்து வந்த பட்டம் அது. வாத்தியார் திட்டினார். இவனுக்கோ ஏதோ பதக்கம் குத்திவிட்டதுபோல இருந்ததாம்.

ஒரு தடவை கல்யாணப் பேச்சுக்கு அவனை ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனோம். பேசிக்கொண்டிருந்தவன் எழுந்து கை கழுவப் போனான். போனவன் வரவேயில்லை. எட்டிப் பார்த்தால் அவர்களுடைய வாஷிங் மெஷினைக் குப்புறப் போட்டு, பின்பக்க மூடியைக் கழற்றி, பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். “சத்தம் கேட்டுச்சு அண்ணி, மனசு கேக்கல” என்றான். பெண்ணின் அப்பா நல்ல மனிதர். “மாப்பிள்ளையா வேணாம்மா, மெக்கானிக்கா வேணும்னா எப்போ வேணாலும் அனுப்பி வைங்க” என்று சிரித்தபடியே வழியனுப்பினார். எனக்கு மானம் போயிற்று. என் வீட்டுக்காரர் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார்.

அவருக்குத் தம்பி எது செய்தாலும் சிரிப்புதான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபிறகு, இவர் மரம் ஏறி அவனை வளர்த்தவர். மரம் வெட்டுகிறவர் என்று யாராவது சொன்னால் மட்டும் அவருக்குச் சுருக்கென்று வரும். “வெட்டுறவன் இல்ல, வைத்தியம் பாக்குறவன்” என்பார். காய்ந்த கொப்புகளை எடுப்பது, பாரம் ஒரு பக்கமாய்ச் சாய்ந்த மரத்துக்குக் கிளை குறைப்பது, கூரைமேல் படுத்துவிட்டதைக் கயிறு கட்டிப் பத்திரமாக இறக்குவது, செத்த மரத்தின் அடிக்கட்டையைத் தோண்டி எடுப்பது, இதெல்லாம் எங்கள் பிழைப்பு. அவர் மேலே, நான் கீழே. கயிறு பிடிப்பதும் விழுந்த கிளைகளை இழுத்து ஒதுக்குவதும் என் வேலை. கல்யாணமான நாளிலிருந்து அண்ணாந்து அண்ணாந்து பார்த்து என் கழுத்து போனதுதான் மிச்சம்.

ஒரு நாள் அவர் உச்சியில் இருந்தபோது வலது தோள் மூட்டு இறங்கிவிட்டது. ரம்பம் கயிற்றில் தொங்குகிறது, அவர் பெல்ட்டில் தொங்குகிறார், கை துணிபோல ஆடுகிறது. கத்தக்கூட இல்லை. “கொஞ்சம் கொஞ்சமா விடு, கொஞ்சம் கொஞ்சமா” என்று மட்டும் சொன்னார். கயிற்றை விட்டு விட்டு அவரைத் தரைக்குக் கொண்டுவருவதற்குள் என் உயிர் போய் வந்தது. டாக்டர் மூட்டை ஏற்றிக் கட்டுப் போட்டு, ஒருமுறை இறங்கினது இனி மறுபடி மறுபடி இறங்கும், உயரத்தில் வேலை கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். இவர் கட்டு அவிழ்த்த வாரமே ஏறிவிட்டார். வேறென்ன தெரியும் அவருக்கு? நானும் எத்தனையோ கத்திப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அதனால் கழட்டியின் பட்டறைக்கே போய் நின்றேன். “தம்பி, உங்க அண்ணனை மரத்துல இருந்து இறக்கணும். நீ என்ன பண்ணுவியோ எனக்குத் தெரியாது. அந்தக் கை இன்னொரு தடவை மேல வெச்சு இறங்குச்சுன்னா நான் இவரைப் பொறுக்கித்தான் எடுக்கணும்.” அவன் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னையே பார்த்தான். கண் கலங்கியிருந்தது. “இறக்கிடலாம் அண்ணி” என்றான். அவ்வளவுதான். அதன்பிறகு அவன் வாழ்க்கையில் வேறு வேலையே இல்லாமல் போயிற்று.

பழைய இரும்புக் கடையில் மண் தோண்டும் குட்டிச் செயின் வண்டி ஒன்று கிடந்தது. டயருக்குப் பதில் இரண்டு பக்கமும் சங்கிலிப் பட்டையில் ஓடுமே, அந்த வகை. தோண்டும் கை உடைந்து போயிருந்தது. அடிப்பாகம் மட்டும் உருப்படி. அதை வாங்கிவந்து, எஞ்சினைப் பிரித்துச் சேர்த்து, பட்டைகளை உள்ளே தள்ளி அகலத்தைக் குறைத்தான். வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே இருக்கும் சந்தில் நுழைந்து பின்பக்கத்துத் தோட்டத்துக்குப் போகாவிட்டால் எங்கள் தொழிலுக்கு அந்த வண்டி தண்டம். மரங்கள் எல்லாம் பின்பக்கத்தில்தானே நிற்கின்றன!

அதற்குமேல் அவன் யோசித்ததுதான் விசேஷம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வண்டி வாங்க நாங்கள் எங்கே போவது? அடி ஒன்றே போதும், கருவியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்றான். வண்டியின் முன்னால் கனத்த இரும்புத் தகடு ஒன்று. பின்னாலும் அதே மாதிரி ஒன்று. ஒவ்வொரு கருவியின் முதுகிலும் அதற்கு ஜோடியாக ஒரு பிளேட். கொக்கியை மாட்டி, ஆணி மாதிரி இரண்டு பின்னைத் தட்டி, ஆயில் ஹோஸைச் சொருகினால் வேலை முடிந்தது. அடிக்கட்டையைத் தரைக்குக் கீழே வரைக்கும் துருவி எடுக்கும் பல்சக்கரம் ஒன்று செய்தான். அதற்குத் துருவி என்று பெயர். நான்கு ஆள் சேர்ந்தாலும் அசையாத கனம். கிளைகளை விழுங்கித் தூளாய்த் துப்புகிற மெஷின் அடுத்தது. கிளைகளைக் கயிற்றில் இழுக்க ஒரு வின்ச். அது கனமே இல்லை, நானே தூக்கி மாட்டுவேன்.

“எல்லாத்துக்கும் ஒரே பிளேட் அண்ணி! எதை வேணாலும் எங்க வேணாலும் மாட்டு. முன்னாடி ஒண்ணு வேலை செய்யும், பின்னாடி அடுத்தது தயாரா தொங்கிட்டு வரும். திரும்பத் திரும்ப வண்டிக்கும் கருவி கிடக்குற லாரிக்கும் நடக்க வேணாம்” என்று அவன் சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டுமே, பிள்ளை பெற்றவன்கூட அப்படிப் பூரிக்க மாட்டான். எங்களுக்கும் அது பழகிவிட்டது. முன்னால் மாட்டியதில் வேலை நடக்க, அடுத்த வேலைக்கானது பின்னால் தொங்கும்.

எல்லாம் சரி. என் வீட்டுக்காரர் இன்னும் மரத்தில்தான் இருந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. “நான் என்ன கேட்டேன், நீ என்ன பண்ணிட்டிருக்கே? கட்டையைத் துருவுறதுக்கா உன்கிட்ட வந்தேன்? அவரை இறக்குடா!” என்று பட்டறையில் வைத்தே கத்தினேன்.

“நீளமான இரும்புக் கையோட நுனியில ஆள் நிக்கிற தொட்டிதான் கஷ்டம் அண்ணி” என்றான். “வண்டி ஒல்லி. கையை நீட்டி ஆளை மேல தூக்குனா முன்னாடி கவுந்துடும். ஊன்றுகால் வெச்சேன், சந்துக்குள்ள அதை விரிக்க இடம் இல்ல. பின்னாடி கனம் வேணும். தனியா ஒரு இரும்புக் கட்டியைத் தூக்கிட்டுத் திரியவும் முடியாது.” சொல்லிக்கொண்டே இருந்தவன் சட்டென்று நிறுத்தினான். மூலையில் கிடந்த துருவியைப் பார்த்தான். “அட, நம்மகிட்டயே இருக்கே!” என்று தலையில் அடித்துக்கொண்டான்.

அப்படித்தான் தொட்டி பிறந்தது. தொட்டியை முன்னால் மாட்டும்போது துருவியைப் பின்னால் தொங்கவிட வேண்டும். அதுதான் எதிர்ப்பாரம். இவர் அவசரக்காரர், மறந்துவிட்டு ஏறிவிடுவார் என்று கழட்டிக்குத் தெரியாதா? பின்பக்கத் தகட்டில் ஒரு சுவிட்ச் வைத்தான். ஒரு கருவியின் பிளேட் வந்து சரியாக உட்கார்ந்து அழுத்தினால்தான் தொட்டியின் கை மேலே எழும்பும். இல்லையென்றால் லீவரை எப்படி இழுத்தாலும் அசையாது. இவரைத் தொட்டியில் நிற்கவைத்து, பின்னால் ஒன்றும் மாட்டாமல் லீவரை இழுக்கச் சொன்னான். அசையவில்லை. துருவியை மாட்டினான். அழகாக ஏறியது. “புரியுதாண்ணே? தூக்குனா பயமில்ல. ஆபத்துன்னா அது தூக்கவே தூக்காது.”

இவர் மேலே போய் ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு, “ஏய், ராஜா மாதிரி இருக்குடி!” என்று கத்தினார். நான் கீழே நின்று அழுதேன். கழட்டி என் பக்கம் திரும்பவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்கோ எண்ணெய் கசிவதுபோல வண்டிக்கு அடியில் குனிந்துகொண்டான். அதன்பிறகு மழைக்காலம் முழுவதும் என் வீட்டுக்காரர் ஒரு மரத்திலும் கால் வைக்கவில்லை. நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன், நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த நாளைப் பற்றிச் சொல்லித்தான் ஆகவேண்டும். துருவியின் பேரிங் தேய்ந்து கத்த ஆரம்பித்ததால் கழட்டி அதைப் பட்டறைக்குக் கொண்டுபோயிருந்தான். காலையிலேயே ஒரு வீட்டுக்கார அம்மாளிடமிருந்து போன் மேல் போன். காற்றில் ஒரு பெரிய கிளை பாதி முறிந்து சமையலறைக் கூரைமேல் தொங்குகிறது, எப்போது விழுமோ என்று அழுகிறாள். இவர் தொட்டியை முன்னால் மாட்டினார். அறுத்த கிளையைக் கூரையிலிருந்து இழுக்க வேண்டுமே என்று வின்ச்சைப் பின்னால் மாட்டினார். எப்போதும் செய்வதுதான், அடுத்த வேலைக்கானது பின்னால். நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தபோது வண்டி லாரியில் ஏறியிருந்தது.

அந்த வீட்டுத் தோட்டத்தில் இறக்கியபிறகுதான் கவனித்தேன். “ஏங்க, துருவி இல்லையே பின்னாடி?”

“வின்ச் இருக்குல்ல?”

“அது கனம் போதுமாங்க? எதுக்கும் தம்பிக்கு ஒரு போன் போடுங்க.”

“அட நீ வேற. அதுக்குத்தானே சுவிட்ச் வெச்சிருக்கான். ஆபத்துன்னா தூக்காதுன்னு அவன்தானே சொன்னான்? இரு, பாத்துடுவோம்” என்று தொட்டிக்குள் ஏறி நின்று லீவரை இழுத்தார். தொட்டி எழும்பியது. “பாத்தியா? தூக்கிடுச்சு. அவன் செஞ்சதுல குத்தம் கண்டுபிடிக்க நீ யாரு?” என்று சிரித்தார். தம்பிமேல் அவருக்கு இருந்த நம்பிக்கையைச் சொல்கிறேன். எனக்கும் அதே நம்பிக்கைதான். வாயை மூடிக்கொண்டேன்.

நேராக மேலே போகும்வரை ஒன்றும் குறையில்லை. அதன்பிறகு கூரைக்கு மேலாகக் கையை நீட்டினார். நீட்ட நீட்ட, வண்டியின் பின்பக்கம் மண்ணிலிருந்து எழும்புவதைப் பார்த்தேன். சங்கிலிப் பட்டைக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. “உள்ள இழுங்க, உள்ள இழுங்க!” என்று கத்திக்கொண்டே ஓடிப்போய் வின்ச்சைக் கட்டிப்பிடித்துத் தொங்கினேன். என் உடம்பில் இருந்த அத்தனை கனத்தையும் அதன்மேல் போட்டேன். ஒரு கணம் இறங்கியது. இறங்குகிறது என்று நினைத்தேன். அப்புறம் என்னையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

நான் புல்மேல் விழுந்தேன். அவர் கூரை விளிம்பில் அடிபட்டுச் சிமெண்ட் தரையில் விழுந்தார். அந்த அம்மாள் அலறிய சத்தத்தில்தான் எனக்கு அவர் ஞாபகமே வந்தது. போய் மடியில் போட்டுக்கொண்டேன். கூப்பிட்டேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பாவி மனுஷன், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கழட்டி கிரீஸ் கையோடு ஓடிவந்தான். அண்ணனை அதற்குள் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். நான் ரத்தச் சேலையோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவன் என்னிடம் வரவில்லை. குப்புறக் கிடந்த வண்டியின் பின்பக்கம் போய்க் குந்தினான். வின்ச்சின் பிளேட்டைத் தடவினான். அதன் ஓரம் சுவிட்சை நன்றாக அழுத்திக்கொண்டிருந்தது.

“தூக்குச்சா அண்ணி?” என்று கேட்டான்.

“தூக்குச்சுடா.”

அவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்தான். “பின்னாடி கனம் இருக்கான்னு பாக்கத்தான் அதை வெச்சேன். அது பிளேட் இருக்கான்னு மட்டும்தான் பாத்திருக்கு. எல்லாத்துக்கும் ஒரே பிளேட்டு. அதுக்கு எது துருவி, எது வின்ச்சுன்னு எப்படித் தெரியும்?” என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. இரும்பைப் பார்த்துச் சொன்னான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் முன்னால் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். “இறக்குடான்னுதானே சொன்னேன்! இப்படியாடா இறக்குவே? நீதான்டா கொன்னே!” என்றேன். அவன் கையைக்கூட உயர்த்தவில்லை. நான் ஓய்கிறவரை உலுக்கவிட்டு நின்றான். அந்தச் சொல்லை நான் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி அவனும் கேட்கவில்லை.

பட்டறையைப் பூட்டிவிட்டான். கடைத்தெருவில் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்க்கும் கடையில் கூலிக்குச் சேர்ந்துகொண்டான். முதலாளி சொன்னதை மட்டும் செய்வானாம், சொந்தமாக ஒரு போல்ட்டைக்கூட மாற்ற மாட்டானாம். முன்பெல்லாம் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறவன், தெருமுனைவரை வந்து திரும்பிப் போவதை நான் ஜன்னலில் இருந்து பார்த்திருக்கிறேன். கூப்பிடவில்லை. கூப்பிட வாய் வரவில்லை. ஆனால் ஒரு பிடி அரிசி கூடப் போட்டு வடிக்கும் பழக்கம் மட்டும் நிற்கவேயில்லை. மிஞ்சுகிறதைப் பார்த்து எனக்கே என்மேல் எரிச்சலாக வரும்.

வண்டி தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது. நான் ஒரு துணிக்கடையில் தைக்கப் போனேன். வெயில் காலம் முடிகிற சமயத்தில் ஒரு தோட்டக் கான்ட்ராக்டர் வண்டியைக் கேட்டு வந்தார். தார்ப்பாயை விலக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கை வளைந்திருக்கிறது, நிமிர்த்திக்கொள்ளலாம் என்றார். பின்பக்கத் தகட்டைத் தட்டிப் பார்த்தவர், “அட, எல்லாத்துக்கும் ஒரே பிளேட்டா! யார்மா செஞ்சது? கெட்டிக்காரன்” என்றார். “என் பையனுக்கு உயரம்னா உசுரு. தொட்டியில அவன்தான் ஏறுவான்.”

அவருக்கு எல்லாம் எடுத்துச் சொன்னேன். “நாங்க பாத்துக்குவோம்மா, கவனமா இருப்போம்” என்றார். கவனமாக இருப்பார்களாம்! என் வீட்டுக்காரர் என்ன கவனமில்லாதவரா? யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, அத்தனை மாதத்துக்கு அப்புறம் கழட்டிக்குப் போன் போட்டேன்.

“வண்டியை ஒருத்தர் கேக்குறாரு. அவர் பையன் தொட்டியில ஏறப்போறானாம்.”

“இப்படியே குடுத்துடாதீங்க அண்ணி. நான் வர்றேன்” என்றான்.

கேஸ் சிலிண்டரும் வெல்டிங் மெஷினுமாக வந்து இறங்கினான். ஆளே பாதியாகிவிட்டான். கன்னம் ஒட்டியிருந்தது. சாப்பிட்டாயா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்து நின்றது. அவன் நேராக வேலையில் இறங்கினான். முதலில் ஒவ்வொரு கருவியின் முதுகிலிருந்தும் பிளேட்டை அறுத்தான். எத்தனை ஆசையாய்ச் செய்தானோ அத்தனையையும் அறுத்து ஒரு பக்கமாய் எறிந்தான். வண்டியின் பின்பக்கத் தகட்டில் பழைய துளைகளை அடைத்து, தள்ளித் தள்ளிப் புதுத் துளைகள் போட்டான். துருவிக்கு மட்டும் அந்தத் துளைகளுக்கு ஜோடியாகப் புதுப் பிளேட்டும் கனத்த பின்னும் வைத்தான். மற்றவற்றுக்கெல்லாம் முன்பக்கத் தகட்டில் மட்டும் பொருந்துகிற வேறு பிளேட். நடுவில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டான், கொடுத்தேன்.

எல்லாம் ஆறியபிறகு துருவியைப் பின்னால் மாட்டினான். சரியாக உட்கார்ந்தது. கழற்றினான். அப்புறம் வின்ச்சை எடுத்து அதே இடத்தில் வைத்து அழுத்தினான். பின்னுக்கும் துளைக்கும் நேர் வரவில்லை. திருப்பி வைத்தான். வரவில்லை. சாய்த்து வைத்தான். சுத்தியலை எடுத்து அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தான். பின் வளைந்தது, பெயிண்ட் தெறித்தது, அவன் நிறுத்தவில்லை.

“மாட்டல அண்ணி. பாருங்க, மாட்டல” என்றான். “நான் செஞ்சது, நானே அடிச்சா மெதுவா அடிச்ச மாதிரி இருக்கும். நீங்க அடிச்சுப் பாருங்க.”

சுத்தியலை வாங்கினேன். என் வீட்டுக்காரர் எப்படி மாட்டுவாரோ அப்படியே மாட்டிப் பார்த்தேன். கொக்கியை முதலில், அப்புறம் முழங்காலால் ஒரு தள்ளு, அப்புறம் பின். சுவிட்ச் தொடும் தூரத்துக்குக்கூட வரவில்லை. எனக்குள் இருந்த ஆத்திரம் எல்லாம் சேர்த்து அடித்தேன். அவன்மேல் இருந்ததும், அவர்மேல் இருந்ததும், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்ட என்மேல் இருந்ததும். கை மரத்துப்போகிறவரை அடித்தேன். கழட்டி தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

மாட்டவில்லை. அன்றைக்கும் இப்படி மாட்டாமல் இருந்திருந்தால், அவர் “உன் கொழுந்தன் செஞ்ச லட்சணத்தைப் பாருடி” என்று நாலு வார்த்தை திட்டிவிட்டு, அந்த அம்மாளிடம் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருப்பார்.